மார்கழியில் வடக்கே வா

இராயபுரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பாட்டுக் கற்கும் உன் பேத்தியை மார்கழியில் இங்கே அழைத்து வரவிருப்பது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கச்சேரி கேட்க மயிலாப்பூர் சபாக்களை வரிசையாக எழுதிவிட்டு, எங்கள் வடசென்னைப் பக்கம் சாப்பிட மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கேயும் ஓர் இசை மரபு உண்டு, கேள்.

கர்நாடக இசை மேதை தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து அங்குள்ள கோயிலின் வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகளைத் தெலுங்கில் பாடினார். சுத்தசாவேரி ராகத்தில் அமைந்த ‘தாரினி தெலுசுகொண்டி’ அவற்றுள் ஒன்று. உன் பேத்தி இதுவரை கற்காவிட்டாலும் விரைவில் கற்பாள். அதே அம்மன் மீதுதான், ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வாழ்ந்த வள்ளலார், 101 பாடல்கள் கொண்ட வடிவுடை மாணிக்க மாலையைத் தமிழில் பாடினார். நாம் பள்ளியில் ஒப்பித்த ‘ஒருமையுடன் நினது திருமலரடி’யும் அவர் கந்தகோட்டத்து முருகனைப் பாடியதே. ஒற்றியூரை அடுத்த மணலியை இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள். தியாகராஜரைப் போலவே இசை மேதையான முத்துசாமி தீட்சிதர் இளமையில் வாழ்ந்த ஊர் அது என்றால் அங்குள்ளவர்களே வியப்பார்கள்.

ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் தம் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார், ஒலிபெருக்கி கிடையாது. நடனத்தில் புகழ்பெற்ற பாலசரசுவதியும் பாட்டில் புகழ்பெற்ற பிருந்தாவும் அந்தப் பாட்டியின் பேத்திகள்.

வடசென்னையின் இசை மரபைக் கர்நாடக இசை, பக்திப் பாடல் என்று இத்துடன் நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று ஊரில் எது நடந்தாலும் உடனே பாட்டாக்கி மலிவு விலையில் அச்சிட்டு விற்ற குஜிலிப் புத்தகங்களும், காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இன்றும் ஒலிக்கும் கானா என்னும் தெருப்பாட்டும் இந்த மரபில் சேராவிட்டால் வேறு எதில் சேரும்? அண்மையில் எங்கள் தெருவில், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தவறிப்போனார். இரவு அந்தத் துக்க வீட்டில் கானா பாட வந்த இளைஞர் அவருடைய பெயர், பிள்ளைகளின் பெயர்கள், அவர் வழக்கமாக உட்காரும் டீக்கடை பெஞ்சு வரை விசாரித்துவிட்டு, டோலக் தாளத்தில் அங்கேயே கட்டிப் பாடினார். சபாவில் கைதட்டல் வாங்குவதைக் காட்டிலும் கடினமான வேலை அது என்றே நினைக்கிறேன்.

இப்போது மெட்ரோ ரயில் திருவொற்றியூர் தேரடிக்கே வருகிறது; ஆகவே தொலைவு என்று சாக்குச் சொல்லாதே. வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் நெரியும் என்பதால் வியாழனன்று வந்துவிடு. அம்மன் சந்நிதியில் குழந்தை ஒரு பாட்டுப் பாடட்டும். சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் அன்புத் தோழன்