சிவப்பு விளக்கில் வண்டி நிற்கட்டும்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் சேவைகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு, அவரோடு ஆம்புலன்ஸின் பின்பக்கம் உட்கார்ந்து போனேன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓட்டுநரை விரட்டியதும் நான்தான். ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு எரியும்போதே வண்டி நுழைந்தது. குறுக்கே ஒரு கார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்த வேகத்தில், அப்பாவுக்கு டிரிப்ஸ் போட்டுக்கொண்டிருந்த உதவியாளர் பக்கச் சுவரில் மோதி விழுந்தார். குனிந்து வேலை செய்பவர் பெல்ட் எங்கே போடுவார்? காரும் எங்கள் வண்டியும் ஒரு கை இடைவெளியில் நின்றன. அப்பா பிழைத்துவிட்டார். அந்தச் சந்திப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் காரை ஓட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு ஓடும் காருக்குள் சைரன் கேட்பதற்குள் வண்டி மிக அருகில் வந்துவிடும். சந்திப்பில் கட்டடங்கள் ஒலியை மறைக்கும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே பிடிபடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஒதுங்க நேரம் ஏது? சில சமயம் முதல் வண்டி கடந்ததும் "போயாச்சு" என்று எல்லாரும் நகர்வார்கள், பின்னாலேயே இரண்டாவது வண்டி வந்துகொண்டிருக்கும். அது தீயணைப்பு வண்டி என்றால் 4,000 லிட்டர் தண்ணீரே 4 டன் எடை. நினைத்த இடத்தில் நிற்காது.

1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை ஆம்புலன்ஸ் போன்ற முன்னுரிமை வண்டிகளுக்குச் சாலை விதிகளிலிருந்து விலக்கு தர நாடுகளின் சட்டங்களுக்கு இடமளிக்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்து விளைவிக்காத வரைதான் அந்த விலக்கு.

அதனால் கேட்கிறேன். சிவப்பு விளக்கில் வண்டி முழுசாக நின்று, ஒவ்வொரு தடத்தையும் பார்த்த பிறகே நகர வேண்டும் என்று விதி எழுதுங்கள். போவது சில விநாடிகள். மோதிவிட்டாலோ, உள்ளே இருக்கும் நோயாளிக்கு இன்னொரு வண்டி, அடிபட்டவர்களுக்கு வேறு வண்டிகள் என்று வர வேண்டியிருக்கும். உயிர் ஊசலாடாத அழைப்புகளுக்கு சைரனே வேண்டாம்.

அப்புறம் ஓட்டுநர்கள். எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாய் என்று கேட்கும் மேலதிகாரி ஒரு பக்கம், என்னைப் போல் கத்தும் உறவினர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் அவர். சிக்னலில் நின்றதால் தாமதம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

பின்பக்கத்தில், பெல்ட்டைக் கழற்றாமலே நோயாளியும் மருந்துகளும் கைக்கு எட்டும்படி இருக்கையை அமையுங்கள். அன்று விழுந்த உதவியாளர் எழுந்ததும், அப்பாவின் கையில் ஊசி நழுவவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் தன் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தார். அவருக்காகவும்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அந்த நோயாளியின் மகள்