பிரிட்டிஷ்காரர்களைக் கிண்டல் செய்யுங்கள், ஆனால் சரியாகச் செய்யுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ்காரர்களைப் பற்றி வந்த நகைச்சுவைக் கட்டுரையை இங்கே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கிண்டல் செய்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நம்மை ஆண்டவர்களை நாம் கிண்டல் செய்யாமல் வேறு யார் செய்வது? ஆனால் தொப்பி, குடை, உணர்ச்சியே காட்டாத முகம், ஓயாத மழை, உப்புச் சப்பில்லாத சாப்பாடு, கோணல் பல் என்று தாத்தா காலத்துச் சரக்கையே மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இவர்களிடம் சிரிப்பதற்கு இதைவிட நல்ல விஷயங்கள் இருக்கின்றன, அவை உண்மையும்கூட.

டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகம் டீ குடிப்பவர்கள் இவர்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் துருக்கியும் அயர்லாந்தும் இவர்களுக்கு முன்னால் நிற்கின்றன. ஆனால் டீயால் மின்சாரத் துறைக்கே வேர்க்கிற நாடு இதுதான். 1990 ஜூலை 4, இத்தாலியின் டூரின் நகரம், உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், வீட்டுக்கு வீடு ஜனங்கள் எழுந்துபோய் டீக்கு மின்சாரக் கெட்டிலைப் போட, மின் தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் எகிறியது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் முழுத் திறனில் ஓடினால்கூட 2,000 மெகாவாட்தான், யோசித்துப் பாருங்கள்! இந்த மாதிரி நேரத்துக்கென்றே மின்தொகுப்புப் பொறியாளர்கள் டிவி நிகழ்ச்சி நிரலைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள், வேல்ஸில் டினோர்விக் என்ற இடத்தில் மலைக்குள் இருக்கும் நீர்மின் நிலையம் மேலே ஏற்றி வைத்திருக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சில நொடிகளில் கைகொடுக்கும். அப்புறம் இவர்களுடைய போர் டாங்கிகளில்கூடத் தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம் பொருத்தியிருக்கிறார்கள், 1945-இல் வந்த செஞ்சூரியன் டாங்கியிலிருந்து இது வழக்கம். இதையெல்லாம் விட்டுவிட்டு சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்கும் படத்தைப் போட்டால் எப்படி?

அந்த அரையிறுதியிலேயே உங்கள் இன்னொரு நகைச்சுவையும் அடிபட்டுப் போகிறது. மஞ்சள் அட்டை வாங்கியதால், அணி ஜெயித்தாலும் இறுதி ஆட்டத்தில் தான் ஆட முடியாது என்று தெரிந்ததும் இங்கிலாந்து வீரர் பால் காஸ்கோய்ன் மைதானத்திலேயே அழுதார். உணர்ச்சியை விழுங்குகிறவர்கள் என்று பேர் வாங்கிய நாடு அவரைத் திட்டவில்லை, தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1997-இல் டயானா இறந்தபோது அரண்மனை வாசலில் குவிந்த பூக்களையும் தெருவில் நின்று அழுத கூட்டத்தையும் நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோமே.

மழை விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் பெய்கிறது, சென்னையில் அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். லண்டனில் பெய்கிற மழை கம்மி, பெய்யுமா பெய்யாதா என்ற பேச்சுதான் அதிகம். நிஜமான மழை வேண்டும் என்றால் எங்கள் கிளாஸ்கோவுக்கு வாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதியதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். போர்க்காலத்தில், 1940-இல் தொடங்கிய ரேஷன் இங்கே 1954 வரை நீடித்தது, போர் முடிந்தும் ஒன்பது வருஷம். போரின்போதுகூடக் கட்டுப்பாடு இல்லாத ரொட்டிக்கு 1946-இல் ரேஷன் வந்தது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கறி எல்லாவற்றையும் அளந்து வாங்கி ஒரு தலைமுறையே வளர்ந்தால் சமையல் எப்படி ருசிக்கும்? பசியோடு சமாளித்த அம்மாக்களின் சமையலை வைத்து நாம் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள், சிக்கன் டிக்கா மசாலாதான் உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று 2001-இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக்கே பேசினார். அது பிறந்ததே எங்கள் ஊர் ஓட்டலில்தான் என்று கிளாஸ்கோக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

பல்லும் அப்படித்தான். 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, பெரியவர்களுக்கு விழுந்துபோன பற்கள் இங்கிலாந்தில் சராசரியாக 6.97, அமெரிக்காவில் 7.31. பல்லை வெள்ளையடித்துக்கொள்வதில் அமெரிக்கர்கள் கெட்டி, அவ்வளவுதான்.

வரிசையில் நிற்பதை மட்டும் நீங்கள் கூட்டிச் சொல்லவே இல்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் உடலுக்கு மரியாதை செலுத்தத் தேம்ஸ் கரையோரமாக மைல் கணக்கில் வரிசை, ஒரு கட்டத்தில் 24 மணி நேரம் ஆகும் என்று அறிவிப்பு. வரிசை எங்கே முடிகிறது என்பதை அரசாங்கமே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. கால்பந்து நட்சத்திரம் டேவிட் பெக்காம்கூட 12 மணி நேரத்துக்கும் மேலாக மற்றவர்களோடு நின்றார். கூட்டம் தாங்காமல் சவுத்வர்க் பூங்காவில் வரிசையை நிறுத்தி வைத்தபோது, அந்த வரிசையில் சேருவதற்காக வெளியே இன்னொரு வரிசை போட்டுக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். இதில் கற்பனை சேர்க்க என்ன இருக்கிறது?

கடைசியாக, கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு பேக்பைப் வாத்தியம் ஊதும் ஒருவர் படத்துக்குக் கீழே "ஆங்கிலேயர்" என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர். கால்பந்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் தனித்தனி அணிகளாக ஆடுகின்றன, இங்கிலாந்தோடு யார் மோதினாலும் அவர்களுக்குக் கைதட்ட இங்கே ஆள் உண்டு. மற்றதை எல்லாம் விட்டாலும் இதற்கு மட்டும் அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், எங்கள் தெருவில் இது பெரிய விஷயம்.

அன்புடன்,
ஒரு வாசகர், கிளாஸ்கோ