மூன்று வயதாக இரண்டு மாதம் இருந்தது

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை – 600061.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
தியாகராய நகர் அலுவலகம், சென்னை – 600017.

பொருள்: குழந்தைப் பராமரிப்பு உண்டு என்று சொல்லி விற்ற கப்பல் பயணம் – இழப்பீடு கோருதல்.

ஐயா,

கடந்த மே மாதம் தங்கள் நிறுவனத்தின் மூலம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போய் வந்தோம். நான், கணவர், மாமியார், எட்டு வயது மகன், இரண்டு வயது பத்து மாத மகள் என ஐந்து பேர். விமானக் கட்டணமும் சேர்த்து ரூ.4,10,000 கட்டினோம். கப்பலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் முழுக்க உங்களைப் பற்றியது.

ஜனவரியில் முன்பணம் கட்ட வந்தபோது உங்கள் ஊழியரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: சின்னவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு விளம்பரத் தாளை உருவிக் காட்டினார். "குழந்தைகளுக்கு நாள் முழுவதும் இலவசப் பராமரிப்பு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். கீழே, நீச்சல் குளத்தில் மிதவைக்குள் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு கைக்குழந்தை. வயது வரம்பு பற்றிப் பொடி எழுத்தில்கூட ஒரு வரி இல்லை. அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஏறிய அன்று மாலை குழந்தைகள் மையத்துக்குப் போனோம். மகனின் பெயரைப் பதிந்து, மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். அதைப் பார்த்த என் மகள், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பணியிலிருந்த பெண் கணினியைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பரும் விட்டிருக்க வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். இவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் அந்தப் பெண் ஒரு மீன் ஸ்டிக்கரைப் புறங்கையில் ஒட்டி அனுப்பிவைத்தார்.

விசாரித்ததில் இது அந்தக் கப்பலுக்கு மட்டுமான விதி அல்ல என்று தெரிந்தது. பெரிய கப்பல்கள் பலவற்றிலும் இலவச மையம் மூன்று வயதில்தான் தொடங்குகிறது. அங்கே வயதுவாரியாகக் குழு பிரித்து விளையாட்டு, கைவேலை எல்லாம் நடத்துகிறார்கள். டயப்பர் மாற்றுவது அந்த ஊழியர்களின் வேலை அல்ல. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் காப்பகம் தனி. மணிக்கணக்கில் கட்டணம், இடமும் கொஞ்சம். முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். நாங்கள் போய்க் கேட்பதற்குள் நிரம்பிவிட்டது. நான்கு நாளில் எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் நாள் மாலை இரண்டு மணி நேரம். அதற்கான பணம் அறைக் கணக்கில் ஏறியது. டயப்பர் போட்ட குழந்தைக்கு நீச்சல் குளத்திலும் அனுமதி இல்லை. உங்கள் தாளில் இருக்கும் அந்த மிதவைக் குழந்தை எந்தக் கப்பலில் குளித்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

பல கப்பல்களில் ஆறு மாதக் குழந்தையைக்கூட ஏற்றிக்கொள்கிறார்கள். கப்பலில் ஏறுவதற்கான வயதையும் மையத்தில் சேர்ப்பதற்கான வயதையும் உங்கள் ஊழியர் ஒன்றாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அப்படியே இருந்தாலும், மகளின் பாஸ்போர்ட் நகலை ஜனவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை என இருமுறை உங்களிடம் கொடுத்தேன். பிறந்த தேதி உங்கள் கையில் இருந்தது. பயண நாளில் அவளுக்கு மூன்று வயதாக இரண்டு மாதம் பாக்கி. அந்தக் கணக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

கப்பல்காரர்கள் போட்டிருந்தார்கள். எங்கள் அறையில் அவள் அளவுக்கு ஒரு சின்ன உயிர்காப்புச் சட்டை தயாராக இருந்தது. ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் கப்பலில் உள்ள ஒவ்வொரு சிறு குழந்தைக்கும் அது இருந்தே தீர வேண்டும் என்பது சோலாஸ் எனும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதியாம். முகம் தெரியாதவர்கள் அவளைக் கணக்கில் வைத்திருந்தார்கள். நேரில் பார்த்து, கன்னத்தைக் கிள்ளி, பணம் வாங்கிய நீங்கள் வைக்கவில்லை.

அன்று இரவே கப்பலின் வைஃபைக்குப் பணம் கட்டி உங்கள் ஊழியரை வாட்ஸ்அப்பில் அழைத்தேன். அவர் சொன்ன யோசனை: "மூன்று முடிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்களேன் மேடம், பாப்பா நல்ல வளர்த்தியாகத்தானே இருக்கிறாள்!" பாஸ்போர்ட் விவரம் முழுவதும் அவர்கள் கணினியில் இருக்கும்போது பொய் சொல்லச் சொல்கிறார். இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இதில் அதிகம் இழந்தவர் என் மாமியார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்துக் கப்பல்களை வெளியில் நின்றே பார்த்தவர். ஒருமுறையாவது கப்பலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆசைக்காகத்தான் இந்தப் பயணமே. பராமரிப்பு இருக்கிறதே என்று நம்பிச் சன்னல் இல்லாத உள்ளறை எடுத்திருந்தோம். மூன்று மாலைகள் அவர் அந்த அறையிலேயே பேத்தியைத் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் முறை வைத்துப் பார்க்கிறோம் என்றாலும் கேட்கவில்லை. "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காலையில் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். புக்கெட்டில் கரைக்குப் போகும் சிறு படகிலும் அவர் ஏறவில்லை.

என் கோரிக்கை இதுதான். காப்பகத்துக்கு நாங்கள் கட்டிய தொகையையும், சொன்ன சேவை கிடைக்காததற்கு இழப்பீடாக ரூ.40,000-மும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். அந்த விளம்பரத் தாளைத் திரும்பப் பெற்று, வயது வரம்பையும் டயப்பர் விதியையும் கொட்டை எழுத்திலேயே போட வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு என்று சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடருவேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் எனக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்வேன்.

சென்ற வாரம் தொலைபேசியில், அடுத்த பயணத்துக்கு ரூ.5,000 கூப்பன் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். பணத்தை நான் முன்பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விளம்பரத் தாள், பணம் கட்டிய ரசீது, கப்பல் அறைக் கணக்கு ஆகியவற்றின் நகல்கள்.