அம்மாவுக்கு ஏன் இன்னும் ஆபரேஷன் இல்லை

அன்பு மகளுக்கு, ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது.

நேற்று போனில் நீ அழுததில் சொல்ல வந்ததை முடிக்க முடியவில்லை. "வெட்டி எடுக்காமல் ஏன் ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்?" என்று கேட்டாய். டாக்டர் நாளைக் கடத்தவில்லை, பாப்பா. ஸ்கேனை மெட்ராஸுக்கும் அனுப்பிக் கேட்டேன், அங்கும் இதையேதான் சொன்னார்கள்.

கல்லுக்காகப் பித்தப்பையை எடுப்பது வேறு, இது வேறு. அம்மாவுக்குப் பித்தப்பையில் வந்த புற்றுநோய்க் கட்டி, பையைத் தாண்டி ஈரலுக்குள் இறங்கியிருக்கிறது. பையோடு, அதை ஒட்டிய ஈரல் பகுதியையும், பித்தக்குழாயைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும். குறைந்தது 6 முடிச்சுகளையாவது சோதித்தால்தான் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சரியாகத் தெரியுமாம். பையின் குழாயை வெட்டிய இடத்திலும் நோய் இருந்தால், பெரிய பித்தக்குழாயையும் எடுத்துவிட்டுச் சிறுகுடலை மேலே இழுத்து இணைக்க வேண்டிவரும். ஈரல் திரும்ப வளரும், ஆனால் மிச்சம் விடுவது போதுமானதாக இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து நோயில் கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டால் அவளுக்குப் புண்ணும் வலியும்தான் மிச்சம். அதனால்தான் முதலில் கட்டியை அடக்க ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள். 3 வாரம் ஒரு சுற்று, அதில் முதல் நாளும் எட்டாம் நாளும் ஊசி. அப்புறம் ஸ்கேன். கட்டி அடங்கி, வேறெங்கும் பரவாமல் இருந்தால் ஆபரேஷன். அன்றும் முதலில் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். வயிற்றின் உள்சவ்வில் கடுகு மாதிரி நோய் ஒட்டியிருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். அப்படி இருந்தால் மேலே வெட்ட மாட்டார்கள். முழுசாக எடுக்க முடிந்தால், அதற்குப் பிறகு 6 மாதம் கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை.

இதையெல்லாம் அம்மாவிடம் மறைக்கவில்லை. "எடுக்க முடிஞ்சா முழுசா எடுங்க, முடியாட்டி தைச்சு வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று டாக்டரிடம் அவளே பர்மியில் சொன்னாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. காமாலை இன்னும் வரவில்லை, அது பெரிய ஆறுதல். மோகிங்கா, அந்த பர்மா மீன் சூப் நூடுல்ஸைக் கேட்டு வாங்கி அரைக் கிண்ணம் சாப்பிடுகிறாள்.

உன் லீவை இப்போது எடுத்துவிடாதே. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவிடம் பேசும்போது நோயைப் பற்றி அவள் பேசினால் பேச்சை மாற்றாமல் கேள். ஸ்கேன் வந்த அன்றே போன் செய்கிறேன்.

அப்பா