எதன்மேல் இந்தச் சதவீதம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘பொருந்துவன அனைத்தையும் குறிக்கவும்’ என்று கேட்டு எடுத்த கருத்துக்கணிப்பின் முடிவு செய்தித்தாளில் வரும்போது, சதவீதத்தை எந்தத் தொகையால் வகுத்தார்கள் என்பது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அது இல்லாமல் அந்த எண்ணை வாசிக்கவே முடியாது.

செய்தியை எவ்வழியில் அறிகிறீர்கள் என்று 500 பேரைக் கேட்டதாகக் கொள்வோம். 60 பேர் எதையும் குறிக்கவில்லை. மற்ற 440 பேர் இட்ட குறிகள் 880, வானொலிக்கு 220. மொத்தக் குறிகளில் வானொலியின் பங்கு 25 சதவீதம். பதிலளித்தவர்களில் 50. கேட்கப்பட்டவர்களில் 44. மூன்றும் சரியான கணக்கே. மூன்றும் வெவ்வேறு தலைப்புச் செய்திகள்!

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு நெடுவரிசை, குறித்தால் 1, இல்லையேல் 0 என்று தரவு இருக்க வேண்டும். ‘அனலைஸ்’ பட்டியில் ‘மல்டிபிள் ரெஸ்பான்ஸ்’ சென்று, ‘டிஃபைன் வேரியபிள் செட்ஸ்’ பகுதியில் அந்த நெடுவரிசைகளைச் சேர்த்து, எண்ண வேண்டிய மதிப்பு 1 எனக் கொடுத்துப் பெயரிட வேண்டும். பிறகு அதே பட்டியில் ‘ஃப்ரீக்வென்சீஸ்’. வரும் அட்டவணையில் இரண்டு சதவீதங்கள் இருக்கும். மொத்தக் குறிகளின்மேல் கணக்கிடும் ‘பெர்சன்ட்’ கூட்டினால் 100. பதிலளித்தவர்கள்மேல் கணக்கிடும் ‘பெர்சன்ட் ஆஃப் கேசஸ்’ கூட்டினால் நம் எடுத்துக்காட்டில் 200. இந்த 200ஐப் பார்த்து மிரண்டு முதலாவதை எடுத்து அச்சிடுவதுதான் வழக்கமான பிழை. சராசரியாக ஆளுக்கு இரண்டு குறி என்பதைத் தவிர அதில் விபரீதம் எதுவும் இல்லை. எத்தனை பேர் வானொலி கேட்கிறார்கள் என்பதே கேள்வியானால் இரண்டாவதுதான் விடை.

அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு 1கூட இல்லாத நபரை மென்பொருள் விடுபட்டவராகக் கருதி வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கிவிடும். 60 பேர் காணாமல்போனதை மேலே வரும் சுருக்க அட்டவணை மட்டுமே காட்டும். கேள்வியைத் தாண்டிப் போனவர்களை நீக்கலாம். எவ்வழியிலும் செய்தி அறியாதவர்களை நீக்கக் கூடாது. இருவரையும் பின்னால் பிரித்தறிய வழியில்லை என்பதால், படிவத்திலேயே ‘எதுவுமில்லை’ என்ற விருப்பம் வேண்டும்.

கூகுள் படிவத்தில் நிலைமை வேறு. ஒருவர் குறித்ததெல்லாம் காற்புள்ளி இட்டு ஒரே கட்டத்தில் வந்து விழும். எக்செலில் பொருந்தும் கட்டங்களை எண்ணும் ‘கவுன்ட்இஃப்’ வாய்பாட்டில் இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டு ‘வானொலி’யைத் தேடினால் ‘இணைய வானொலி’யும் சேர்ந்துவிடும். விருப்பத்தின் வாசகத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், பிரிக்கும்போது ஒரு பதில் இரண்டாக உடையும். ‘ஆர்’ என்ற நிரல்மொழியில் கட்டத்தைப் பிரித்து வரிசைகளாக்குவோர், ஆட்களின் எண்ணிக்கையை முன்பே குறித்து வைக்க வேண்டும். பிரித்தபின் ஒவ்வொரு வரிசையும் ஒரு குறி, ஓர் ஆள் அல்ல.

வானொலி 50, தொலைக்காட்சி 40, ஆக ஒலி-ஒளி ஊடகம் 90 என்று கூட்டுவதும் தவறு. இரண்டையும் குறித்தவர் இருமுறை எண்ணப்படுகிறார். இரண்டில் ஏதேனும் ஒன்று 1 ஆனால் 1 என்று புது நெடுவரிசை அமைத்துத்தான் எண்ண வேண்டும்.

கூட்டுத்தொகை 100ஐத் தாண்டுவதால், இத்தகைய முடிவுகளுக்கு வட்ட விளக்கப்படம் வேண்டாம். பட்டை விளக்கப்படமே பொருந்தும். அதன் அடியில் ‘கேட்கப்பட்டோர் 500, பதிலளித்தோர் 440, சதவீதம் பதிலளித்தோர்மேல், ஒருவர் பல விடைகள் தரலாம்’ என்று ஒரு வரி சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்