கண்மாய்க் கரையை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69-இல் மூன்றாவது என்று வருஷா வருஷம் பேப்பரில் படிக்கிறோம். சரி, அந்தத் தண்ணீர் பார்த்திபனூர் மதகணையைத் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் இந்தக் கடலோரக் கண்மாய்களுக்கும் வந்த பிறகு கரை தாங்குமா என்று யார் பார்ப்பது?

2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையை ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வர 15 மீட்டர் உயரம் வேண்டும். 10 மீட்டருக்கு மேல் என்றால் நீளம், கொள்ளளவு எல்லாம் பார்த்துச் சேர்ப்பார்கள். எங்கள் கரை இரண்டு ஆள் உயரம்தான், அதனால் சட்டக் கணக்கில் அது அணையே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசிக் கடைசியில், இரண்டு நாள் விடாத மழை, கரையின் வெளிப்பக்கம் கசிவு தெரிந்தது. தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் அவ்வளவு பயமில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் நீர்பாய்ச்சி சொல்வார். வந்தது கலங்கல். நண்டு வளையில் ஆரம்பித்ததோ, பட்டுப்போன சீமைக் கருவேல வேரில் ஆரம்பித்ததோ, தெரியாது. ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தால் இது யூனியன் கண்மாயா, பொதுப்பணிக் கண்மாயா என்று எங்களையே கேட்கிறார்கள்! ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்கு உள்ளே என்றால் யூனியன், அதற்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை; அது உள்ளேயா வெளியேயா என்று ராத்திரி பதினோரு மணிக்கு யார் அளப்பது? உரச் சாக்கில் மண்ணை அள்ளி, பனை மட்டையை அண்டக் கொடுத்து, விடியும்வரை நாங்களே நின்றோம். உடைந்திருந்தால் கீழே இருந்த நெல்லோடு இருபது வீடும் போயிருக்கும்.

மத்திய சட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை, அதற்கு ரொம்ப நாளாகும். புரட்டாசிக்குள் ஒரு பொறியாளர் நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கரை முழுக்க நடக்கட்டும். ஜீப்பில் மடைவரை வந்து கையெழுத்துப் போட்டுப் போவது ஆய்வாகாது. ஷட்டர் திருகு சுற்றுகிறதா, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு அடைந்திருக்கிறதா என்று பார்த்து, பார்த்த தேதியையும் ராத்திரியில் கூப்பிட வேண்டிய நம்பரையும் கலுங்குச் சுவரில் பெயிண்டில் எழுதட்டும். இப்போது அந்தச் சுவரில் இருப்பது போன தேர்தல் சின்னம் மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தேவிபட்டினம் அருகில்.