செயலாளரின் ஆண்டறிக்கை: கினியாப் புல் வேலிக்குள் இருக்கட்டும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பாலான உழைப்பு கினியாப் புல்லோடு போனதால், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மாடு வளர்க்கும் நமக்கு இந்தப் புல்லின் அருமை தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல். ஒரு தடவை நட்டால் பல வருடம் நிற்கும், மரநிழலிலும் வளரும், அறுக்க அறுக்கத் தழையும். தோட்டத்தில் நாம் கொண்டாடும் இதே குணங்கள்தான் வாய்க்கால் கரையில் தொல்லையாகிவிட்டன. அங்கே ஆள் உயரத்தைத் தாண்டி அடர்ந்து நின்றது. அதன் அடியில் ஒரு மரக்கன்றுகூடத் தலைதூக்கவில்லை.

கரையை மீட்க வந்தவர்களுக்குக் கதிரைக் கையில் பிடித்துக் காட்டினோம். லேசாக உருவினாலே விதை கொட்டுகிறது. ஒரே கதிரில் நுனி உதிர்ந்து முடிந்திருக்கும், அடிப்பக்கம் இன்னும் பச்சையாக இருக்கும். அதனால் முதலில் கதிர்களை அறுத்துச் சாக்கில் கட்டினோம். அப்புறம்தான் கடப்பாரை போட்டுத் தூரோடு பெயர்த்தோம். மேலாக அறுத்துவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். சுணை கையை அறுக்க, வெயிலில் நின்று வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

காய்ந்ததைக் கொளுத்திவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். செயற்குழு மறுத்தது, அதுவே சரி. நெருப்பில் மற்ற செடிகள் கருகும், கினியாவின் தூர் பிழைத்துக்கொள்ளும். காலியான இடத்தையும் அதுவே பிடிக்கும். 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவில் லஹைனா நகரம் எரிந்து நூறு பேர் அளவில் மாண்டார்கள். கரும்பும் அன்னாசியும் விளைந்து பிறகு கைவிடப்பட்ட நிலங்களில் கினியா போன்ற அயல் புற்கள் காய்ந்து நின்றதும் அந்தத் தீ பரவியதற்கு ஒரு காரணம். குடியிருப்பை ஒட்டி இப்புல்லைக் காயவிடுவது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது.

புல்லையே தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் வந்தது. தீவனத்துக்கு அல்லாடும் உறுப்பினர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூக்கும் முன்பே அறுத்தால் போதும், விதைக்கு வழியே இருக்காது. மாட்டுக்கும் அதுதான் நல்லது: பூத்த பிறகு தண்டு முற்றிச் சத்து குறைகிறது, மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது. தண்ணீர் விதையைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால், வாய்க்காலை ஒட்டி மட்டும் இதை நடவே கூடாது.

பூக்கும் முன்பே அறுப்பது, வாய்க்காலை ஒட்டி நடாமலிருப்பது என்ற இந்த இரண்டையும் தீர்மானமாக முன்வைக்கிறேன். தோண்டிய இடங்களில் புதைந்திருக்கும் விதை இன்னும் முளைக்கும், ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கரையைச் சுற்றிவந்து நாற்றாக இருக்கும்போதே பிடுங்க ஆட்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்